எரிகிற வீட்டில் பிடுங்குவது லாபமா?
கீழே கடை, மேலே வீடு உள்ளவர்களுக்கு ஒரு கோடைக்காலப் பாடம்



பங்குனி பிறந்துவிட்டால் நாம் கோடைக்கான ஏற்பாடுகளில் இறங்கிவிடுகிறோம். கடை முன் நிழலுக்குப் பந்தல் போடுகிறோம். உருகும் வெல்லத்தை உள்ளே தள்ளி வைக்கிறோம். குளிர்பானப் பெட்டியைத் துடைத்துத் தயார் செய்கிறோம். சரக்குக்கு இத்தனையும் செய்கிற நாம், அந்தச் சரக்குக்கு மேலே படுத்துத் தூங்கும் குடும்பத்துக்கு என்ன செய்திருக்கிறோம் என்று இந்த மாதம் ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம் கடைவீதிகளில் பெரும்பாலான மளிகைக் கடைகளின் அமைப்பு ஒன்றுதான். முன்னால் கடை, பின்னால் கிட்டங்கி, மேலே வீடு. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. 1994ஆம் ஆண்டு சித்திரை மாதம். அப்பா வழக்கம்போல இரவு ஒன்பதரைக்குக் கல்லாவுக்குக் கற்பூரம் காட்டி, சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டுக் கடையை அடைத்தார். அந்த ஊதுவத்தியின் கங்கு கீழே அடுக்கியிருந்த காலிச் சாக்கில் விழுந்திருக்க வேண்டும். சாக்கு உடனே கொழுந்துவிட்டு எரியவில்லை. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தது. நள்ளிரவுக்கு மேல் பக்கத்தில் இருந்த மிளகாய் மூட்டையைத் தொட்டது. அந்த நெடிதான் எங்களைக் காப்பாற்றியது. முதலில் இருமி எழுந்தவர் பாட்டி.

மாடிப்படி இறங்கும் இடம் கடையின் உட்புறம். அங்கே புகை நிறைந்திருந்தது. மொட்டைமாடிக்கு ஓடினோம். கதவு பூட்டியிருந்தது. சாவி கீழே, கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அம்மிக் குழவியைத் தூக்கிவர, அப்பா அதனால் பூட்டை உடைத்தார். கைப்பிடிச் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லாரும் தப்பிவிட்டோம் என்று எண்ணும்போதே அப்பா திரும்பிப் போனார், கல்லாப் பெட்டிக்காக.

பெட்டியோடு வந்தார். அதில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் இருந்தது. அவருடைய வலது கை வெந்துபோயிருந்தது. காயம் ஆறிய பிறகும் விரல்கள் மடங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த காலம்வரை தன் கையால் ஒரு பொட்டலம் கட்டவில்லை.

“எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்” என்று ஒரு பழமொழி உண்டு. வணிகனுக்கு இதைவிடத் தவறான கணக்கு வேறில்லை. இன்னொரு பழமொழி இருக்கிறது: “எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும்.” நாம் பின்பற்ற வேண்டியது இதைத்தான். எரியக்கூடியதைத் தீ வருவதற்கு முன்பே இழுத்துவிட வேண்டும். தீ வந்த பிறகு இழுக்க வேண்டியது மனிதர்களை மட்டுமே. இந்தப் பாடத்தின் சாரம் இவ்வளவுதான். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கோடையில் தீ ஏன் எளிதாகப் பிடிக்கிறது?

தீ எரிவதற்கு எரிபொருள், காற்று, சூடு ஆகிய மூன்றும் ஒன்றுசேர வேண்டும். மூன்றில் ஒன்றை நீக்கினாலும் தீ இல்லை. தண்ணீர் சூட்டை எடுக்கிறது. மணலும் மூடியும் காற்றைத் தடுக்கின்றன. எரிபொருளை எடுப்பதை மட்டும் தீ வருவதற்கு முன்பே நிதானமாகச் செய்ய முடியும்.

சணல் சாக்கு, அட்டைப் பெட்டி, கயிறு, தென்னங்கீற்று ஆகியவை மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அப்போது ஒரு பொறி விழுந்தால், அதன் சூட்டில் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிவிடும். பொறி அணைந்துவிடும். மார்கழியோடு மழை ஓய்ந்து, தையும் மாசியும் வறண்டு, மே 4 முதல் 28 வரையிலான கத்திரி வெயிலும் வந்துவிட்டால் அந்த ஈரம் இருக்காது. ஐப்பசியில் தானாக அணைந்த பீடித் துண்டு சித்திரையில் அணையாது. நமக்குப் பழகிய அதே கவனக்குறைவு கோடையில் வேறு விலை கேட்கிறது.

நம் மாநிலத்து வணிகர்கள் மறக்க முடியாத தீ விபத்துகள் சிலவற்றின் தேதிகளைப் பாருங்கள். சென்னை மூர் மார்க்கெட் எரிந்தது 1985 மே 30. சென்னை தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக் கடையொன்றில் தீப்பிடித்தது 2017 மே 31. விடியற்காலையில், கடை திறப்பதற்கு முன், அடித்தளத்தில் தொடங்கிய தீ அது. மேலே இருந்த ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள் மீட்க வேண்டியதாயிற்று. தீ ஒரு நாளுக்கும் மேலாக எரிந்தது. முடிவில் கட்டடத்தையே இடித்தார்கள்.

“எங்கள் கட்டடம் கல் கட்டடம், ஓலை அல்ல” என்று சிலர் சொல்வதுண்டு. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். மண்டபம் முழுக்கக் கல். எரிந்தவை அங்கிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட கடைகளின் சரக்குகள். அந்தச் சூட்டில் கல் தூண்கள் சிதைந்தன. கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கட்டடம் எரியுமா என்பது கேள்வியல்ல. உள்ளே நாம் அடுக்கியிருப்பது எரியும்.

2. எந்தச் சரக்கு எதனுடன் இருக்கக்கூடாது?

1944 ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அந்தக் கப்பலில் வெடிமருந்தும் இருந்தது, பருத்திப் பொதிகளும் இருந்தன. தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் நாடு முழுவதும் ஏப்ரல் 14ஆம் தேதியைத் தீத்தொண்டு நாளாகவும், 20ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரமாகவும் கடைப்பிடிக்கிறார்கள். சேரக்கூடாத சரக்குகள் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கப்பல் சாட்சி. நம் கடை சிறியதுதான். ஆனால் மளிகைக் கடை அளவுக்குப் பலவகைச் சரக்கு ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் வேறு எது?

கற்பூரம்: இது உருகாமலே ஆவியாகும் பொருள். திறந்து வைத்தால் எடை குறைவது நமக்குத் தெரியும். குறைந்த எடை முழுவதும் காற்றில் கலந்த ஆவி. அந்த ஆவியும் தீப்பிடிக்கும். ஆகவே இறுக மூடிய டப்பாவில், வெயில் படாத தட்டில், தீப்பெட்டிக் கட்டுகளிலிருந்தும் விளக்கு மாடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். பூஜைச் சாமான் என்பதால் கற்பூரம், தீப்பெட்டி, ஊதுவத்தி, விளக்கெண்ணெய் நான்கையும் ஒரே தட்டில் அடுக்குவது நம் பழக்கம். வாடிக்கையாளருக்கு அது வசதி. தீக்கும் அது வசதிதான்.

பிளீச்சிங் பவுடர்: இது தானாக எரிவதில்லை. ஆனால் எண்ணெய், சாக்குத் தூள் போன்றவற்றோடு கலந்தால் சூடேறி அவற்றைப் பற்றவைக்கக் கூடியது. கழிவறை கழுவும் அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். எண்ணெய் டின்னுக்கு அருகிலும், அமில பாட்டிலுக்குக் கீழும் இதை வைக்காதீர்கள். ஈரம் படாத தனி மூலை இதற்கு வேண்டும்.

கொப்பரை: சரியாகக் காயாத கொப்பரையைக் காற்றோட்டமில்லாமல் குவித்து வைத்தால் உள்ளே தானாகவே சூடு ஏறும். கடல் வழி சரக்குப் போக்குவரத்தில் கொப்பரையைத் தானே தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பிரித்துப் பரப்புங்கள். பிண்ணாக்கு மூட்டைக்கும் இதே கவனம் வேண்டும்.

எண்ணெய்: சமையல் எண்ணெய் தீக்குச்சி பட்டவுடன் பற்றாது. ஆனால் எண்ணெய் ஊறிய சாக்கும் துடைத்த துணியும் விளக்குத் திரியைப் போல எரியும். எண்ணெய் டின்னுக்கு அடியில் சாக்கு விரிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டுத் தகரத் தட்டு வையுங்கள்.

அழுத்த டப்பாக்கள்: உடல் வாசனைத் தெளிப்பான், கொசு மருந்துத் தெளிப்பான் போன்றவற்றில் எரியும் வாயு அடைத்திருப்பதுண்டு. வெயில் நேராகப் படும் கண்ணாடி அலமாரியில் இவற்றை அடுக்கக்கூடாது. கை கழுவும் சானிடைசரும் சாராயம் கலந்ததுதான்.

மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் கேனைக் கிட்டங்கியில் வைக்காதீர்கள். ஓடும் இயந்திரத்திலும், அணைத்துச் சூடு ஆறாத இயந்திரத்திலும் எண்ணெய் ஊற்றாதீர்கள். உரிமம் இல்லாமல் பட்டாசு வாங்கி வைப்பதும், விற்று மீந்ததை அடுத்த தீபாவளி வரை பரணில் போட்டு வைப்பதும் சட்டப்படியும் தவறு, குடும்பத்துக்கும் கேடு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கழிவுதான். காலிச் சாக்கு, உடைந்த அட்டைப் பெட்டி, பழைய பில் கட்டு, வைக்கோல் பிரி ஆகியவற்றுக்குக் கடையில் விலை குறைவு. ஆகவே அவை கவனிக்காத மூலையில், பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில், சேர்ந்துகொண்டே போகும். தப்பித்து இறங்க வேண்டிய வழிக்குக் கீழே விறகு அடுக்கி வைப்பது போன்ற செயல் இது. காலிச் சாக்கை வாரம் ஒரு முறை கொடுத்து முடியுங்கள். படிக்கட்டுக்கு அடியில் ஒரு காகிதம்கூட இருக்க வேண்டாம்.

3. மின்சாரத்தையும் கணக்குப் பாருங்கள்

கோடையில் மின்சாரச் செலவு கூடுகிறது என்றால், அதே பழைய கம்பியின் வழியாக அதிக மின்னோட்டம் போகிறது என்று பொருள். சிறிய பிளக் 6 ஆம்பியர் தாங்கும். நம் மின்னழுத்தம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,380 வாட். இதுதான் அந்தப் பிளக்கின் மொத்தக் கொள்முதல் சக்தி. அதில் நீளப் பலகை ஒன்றைச் செருகி, குளிர்பானப் பெட்டி, மின்விசிறி, மின் தராசு, தேநீர்க் கெட்டில் எல்லாவற்றையும் மாட்டினால் என்ன ஆகும்? கெட்டில் மட்டுமே 1,500 வாட் இருக்கலாம். குளிர்பானப் பெட்டியின் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். கம்பி சூடேறும், உறை இளகும், ஒரு நாள் இரவு பொறி பறக்கும்.

செய்ய வேண்டியவை:
— குளிர்பானப் பெட்டி, உறைபெட்டி, ஏ.சி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பியும் 16 ஆம்பியர் பிளக்கும் போடுங்கள்.
— பியூஸ் போனால் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். பியூஸ் என்பது காவல்காரன். அடிக்கடி கூவுகிறான் என்று அவன் வாயைக் கட்டுவது திருடனுக்குக் கதவைத் திறப்பதற்குச் சமம். முடிந்தால் எம்.சி.பி.யும், கசிவு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்துங்கள்.
— பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, பழுப்பு நிறமாகியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ அன்றே மாற்றுங்கள்.
— எலி கடித்த கம்பி மளிகைக் கடையின் தனி ஆபத்து. மூட்டை அடுக்குகளுக்குப் பின்னால் ஓடும் கம்பிகளை வருடம் ஒரு முறை மூட்டைகளை நகர்த்திப் பார்க்க வேண்டும். மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால் எலியும் தெரியும், கம்பியும் தெரியும்.
— கடைக்கு இரண்டு சுற்று வையுங்கள். இரவில் ஓட வேண்டிய குளிர்பானப் பெட்டிக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. கடை அடைக்கும்போது இரண்டாவதை மெயினிலேயே நிறுத்திவிடுங்கள். சாமி மாடத்துச் சீரியல் விளக்கும் அதில் சேரட்டும்.

இப்போது மின் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் அதிகம். 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் மின் ஸ்கூட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் பற்றிய தீயின் புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். வாசலிலும் மாடிப்படி அடியிலும் வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடாதீர்கள். எல்லாரும் தூங்கிய பிறகும் போடாதீர்கள். பகலில், வெளியே, நிழலில், அந்த வண்டிக்குரிய சார்ஜரில் போடுங்கள்.

4. மேலே உள்ள சமையலறை

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவித் தாழ்வான இடத்தைத் தேடும். மேலே சமையலறையும் கீழே கடையும் உள்ள வீட்டில் அது படிக்கட்டு வழியாகக் கடைக்குள் இறங்கித் தேங்கக்கூடும். காலையில் ஷட்டரைத் தூக்கி விளக்குப் போடும் விரல்தான் அதைப் பற்றவைக்கும். ஆகவே கடை திறந்ததும் முதலில் மூக்கு, பிறகு சுவிட்ச்.

வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டருக்குரிய மூடியைப் போட்டு, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லாரும் வெளியே வந்து, அங்கிருந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் அது. இரவும் பகலும் எடுப்பார்கள்.

சிலிண்டரின் மேல் வளையத்தை ஒட்டிய பட்டையில் ஆங்கில எழுத்து ஒன்றும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை, டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலாண்டு முடிந்துபோன சிலிண்டரை வாங்காதீர்கள். சரக்கின் காலாவதித் தேதி பார்க்கத் தெரிந்த நமக்கு இது கடினமல்ல. ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். வெடிப்பு தெரிந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெய் வெடித்துச் சிதறும். அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் இருங்கள். இதைக் குடும்பத்தில் சமைக்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக் காட்டுங்கள்.

கோடையில் மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி, மாடியில் இருந்த 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. கீற்றுக்கும் அடுப்புக்கும் உறவு கூடாது. கடை முன் கீற்றுப் பந்தலுக்கும் இது பொருந்தும்.

5. இரண்டாவது வழி

தீயில் இறப்பவர்களில் பலர் தீயால் அல்ல, புகையால் இறக்கிறார்கள். தூங்குபவரை அந்தப் புகை எழுப்புவதில்லை, மயக்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் மிளகாய் மூட்டை இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம். மின்கலத்தில் இயங்கும் புகை அறிவிப்பான் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. ஒரு மூட்டை அரிசியின் விலைகூட ஆகாது. கடையின் மேல்தளத்தில் ஒன்றும், மாடிப்படியின் உச்சியில் ஒன்றும் பொருத்துங்கள். மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வெளியேறும் வழி. இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: “படிக்கட்டு முழுக்கப் புகை. எப்படி வெளியே போவது?” பதில் வரவில்லையென்றால் இன்றே ஒரு வழி உண்டாக்க வேண்டும்.

மொட்டைமாடிக் கதவுக்கு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள். பூட்டுத்தான் வேண்டும் என்றால் சாவி கதவுக்குப் பக்கத்திலேயே, குழந்தைக்கும் எட்டும் உயரத்தில் தொங்கட்டும். பக்கத்து வீட்டாரோடு பேசி, கைப்பிடிச் சுவரில் ஏறி இறங்க இரண்டு பக்கமும் ஒரு ஏணியோ படியோ வையுங்கள். அவர்களுக்கும் அது வழிதான். முன்பக்கச் சன்னல் கம்பிகளில் ஒன்றையாவது கீலில் திறக்கும்படி செய்யுங்கள். திருடன் உள்ளே வராமல் இருக்க நாம் போடும் கம்பி, நம் பிள்ளை வெளியே போகாமலும் தடுக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளியூரிலிருந்து வந்து நம்மிடம் வேலை செய்யும் பையன்கள் சில கடைகளில் இரவு கடைக்குள்ளேயே படுக்கிறார்கள். முதலாளி வெளியே ஷட்டரைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விடுகிறார். காவலுக்குக் காவல், படுக்கைக்குப் படுக்கை என்று நினைக்கிறோம். தீப்பிடித்தால் அந்தப் பையன் எங்கே போவான்? ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டுவது எந்த நியாயத்திலும் சேராது. அவர்களுக்குப் படுக்க வேறு இடம் கொடுங்கள். அதுவரை சாவி அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

6. தீப்பிடித்துவிட்டால்

முதலில் எல்லாரையும் எழுப்பி வெளியேற்றுங்கள். பிறகு 101 அல்லது 112க்குப் பேசுங்கள். எந்தத் தெரு, அருகில் என்ன அடையாளம், என்ன எரிகிறது, உள்ளே யாராவது இருக்கிறார்களா, சிலிண்டர் எத்தனை என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்டு முடிக்கும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். வண்டிக்கு வழிகாட்டத் தெரு முனைக்கு ஓர் ஆளை அனுப்புங்கள்.

புகைக்குள் நடக்க நேர்ந்தால் குனிந்து, தவழ்ந்து போங்கள். நல்ல காற்று தரைக்கு அருகில்தான் இருக்கும். மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்காதீர்கள். கடந்துவந்த கதவை மூடிக்கொண்டே போங்கள். ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருளுங்கள். வெந்த இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். மை, பற்பசை, நெய் எதுவும் தடவ வேண்டாம்.

தீ சிறியதாக, ஒரு கூடை அளவில், உங்கள் முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி இருந்தால் மட்டும் அணைக்க முயலுங்கள். உலர்தூள் அடைத்த ஏ.பி.சி. வகைத் தீயணைப்பான் நம் கடைக்கு ஏற்றது. சாக்கு, எண்ணெய், எரிவாயு மூன்றுக்கும் பயன்படும். ஊசியைப் பிடுங்கி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, கொழுந்தை விட்டுவிட்டுத் தீயின் அடியைப் பார்த்து, பிடியை அழுத்தி, இடவலமாக வீச வேண்டும். ஆறு கிலோத் தீயணைப்பான்கூடச் சில நொடிகளில் தீர்ந்துவிடும். ஆகவே ஆரம்பத்தீக்குத்தான் அது. அதை மாட்டும் இடம் வாசலுக்கும் படிக்கட்டுக்கும் அருகில் இருக்க வேண்டும். கிட்டங்கியின் உள்மூலையில் மாட்டினால் அதை எடுக்கவே தீயைத் தாண்ட வேண்டிவரும். முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்.

வெளியே வந்தபின் திரும்பிப் போகக்கூடாது. பெட்டிக்கும் இல்லை, பேரேட்டுக்கும் இல்லை, நகைக்கும் இல்லை. 2020 தீபாவளியை ஒட்டி மதுரையில் ஒரு பழைய கட்டடத்து ஜவுளிக் கடையில் தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் சுவர் இடிந்து விழுந்து இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே அந்தக் கதி என்றால் நமக்கு?

7. பெட்டியைத் தேடி ஓடாமல் இருக்க

திரும்பிப் போகாதே என்று சொல்வது எளிது. அந்த நேரத்தில் கால் நிற்க வேண்டுமானால், உள்ளே இருப்பது போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் முன்பே வேண்டும். அதற்குத்தான் காப்பீடு.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே மாதிரியான தீக் காப்பீட்டுத் திட்டங்களை வழங்குகின்றன. வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷா. மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள கடைகளுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. கடைக்கு எடுத்த பாலிசி மேலே உள்ள வீட்டுக்குத் தானாகப் பொருந்தாது. இரண்டையும் பாருங்கள்.

நம்மவர்கள் பலர் ஏமாறும் இடம் தொகையில். 20 லட்சம் ரூபாய்ச் சரக்கை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்கிறோம். 4 லட்சம் எரிந்தால் 4 லட்சமும் வரும் என்று எண்ணுகிறோம். வராது. பாதி மதிப்புக்குத்தானே காப்பீடு, ஆகவே நட்டத்திலும் பாதி, 2 லட்சம்தான் என்று கணக்கிடுவார்கள். அதேபோல் தீயில் அழிந்த சரக்குக்கு நாம் எடுத்த உள்ளீட்டு ஜி.எஸ்.டி. வரவைத் திருப்பிச் செலுத்த வேண்டும். 10 லட்சம் சரக்குக்கு 5 சதவீத வரி என்றால் அது மட்டும் 50 ஆயிரம். வரியையும் சேர்த்து மதிப்பிட முடியுமா என்று முகவரிடம் கேளுங்கள். வங்கிக் கடனுக்காக எடுத்த பாலிசியில் எந்த முகவரி எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். கடை முகவரி மட்டும் இருந்தால், அடுத்த தெருக் கிட்டங்கிக்குக் காப்பீடு இல்லை என்று பொருள்.

ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். இருப்புக் கணக்கு, கொள்முதல் பில், பாலிசி, பத்திரம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். பிறகு எந்தப் பேரேட்டுக்காகவும் யாரும் தீக்குள் ஓட வேண்டியதில்லை.

8. சித்திரை முதல் நாள்

நம்மில் பலர் சித்திரை முதல் நாளில் மஞ்சள் தடவிப் புதுக் கணக்கு எழுதுகிறோம். பெரும்பாலான ஆண்டுகளில் அது ஏப்ரல் 14, தீத்தொண்டு நாளாகவே அமைகிறது. இந்த ஆண்டு முதல் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கலாம். புதுக் கணக்கு எழுதும் முன் குடும்பத்தோடும் பணியாளர்களோடும் இவற்றைப் பார்த்துவிடுங்கள்:

படிக்கட்டு அடி காலியா? மொட்டைமாடிக் கதவு சாவியின்றித் திறக்கிறதா? கற்பூரமும் தீப்பெட்டியும் தனித்தனியா? பிளக் சூடேறுகிறதா? தீயணைப்பான் முள் பச்சையிலா? அறிவிப்பான் கத்துகிறதா? வாளியில் தண்ணீர் வற்றாமல் இருக்கிறதா? காப்பீட்டுத் தொகை இருப்புக்குப் பொருந்துகிறதா? வெளியே ஓடி வந்தால் எல்லாரும் கூடி நின்று தலை எண்ணும் இடம் எது?

சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. நம் வீதிகளில் தீயணைப்பு வண்டி நுழைய முடியாமல் செய்வது பெரும்பாலும் நாமேதான். முன்னால் நீட்டிய தகரம், தாழக் கட்டிய தார்ப்பாய், இரவில் குறுக்கே விட்டுச் செல்லும் தள்ளுவண்டி. அடுத்த கூட்டத்தில் இரவு பத்து மணிக்கு மேல் வீதி நடுவே எதுவும் நிற்கக்கூடாது என்று தீர்மானம் போடலாம். எந்த வீட்டில் ஆழ்துளைக் கிணறும் பெரிய தொட்டியும் உண்டு என்று ஒரு பட்டியல் எழுதலாம். தீத்தொண்டு வாரத்தில் நிலைய அலுவலரை அழைத்து, நம் பிள்ளைகளும் பணியாளர்களும் ஒரு முறையாவது தீயணைப்பானைக் கையில் பிடித்து இயக்கிப் பார்க்க ஏற்பாடு செய்யலாம்.

அப்பா கொண்டுவந்த கல்லாப் பெட்டி இன்றும் எங்கள் கடையில் இருக்கிறது. ஒரு பக்கம் கருகியிருக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் அது என்ன என்று கேட்பார்கள். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, மொட்டைமாடிக் கதவு எங்கே இருக்கிறது, எப்படித் திறக்கிறது என்று முதல் நாளே காட்டிவிடுவேன். சரக்கு விலை சொல்லிக்கொடுப்பது அதற்குப் பிறகுதான்.